மூன்று காலை, மூன்று மாலை: ராமநாதபுரம் கடற்கரையில் கேமராவுக்கு எது முதலில்?

பொங்கல் விடுமுறை நெருங்கும்போது வெளியூர் நண்பர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "மூணு நாள் உங்க பக்கம் வர்றோம், கேமராவும் எடுத்துட்டு வர்றோம், எங்கெல்லாம் போகலாம்?" கேட்கும்போதே கையில் ஒரு பட்டியல் இருக்கும். தனுஷ்கோடி, பாம்பன் பாலம், பூநாரை, மேலச்செல்வனூர், காரங்காடு, தேவிப்பட்டினம் நவபாஷாணம், கரைவலை. எல்லாம் ஒரே மாவட்டம்தானே, சுற்றிவிடலாம் என்ற நினைப்பு. அந்தப் பட்டியலை முதலில் மடித்து வையுங்கள் என்பதுதான் நான் அவர்களுக்குச் சொல்வது.

காரணம் வெளிச்சம். தை மாதம் இங்கே சூரியன் எழுவது ஏறக்குறைய 6.30 மணிக்கு. 9 மணி தாண்டினால் மணலும் உப்பங்கழியும் சூடேறி, தரையோடு தரையாகக் காற்று நெளிய ஆரம்பித்துவிடும். வெறும் கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. தூரத்தை அருகில் காட்டும் 400 எம்எம் லென்ஸ் வழியாகப் பார்த்தால் நாரையின் கால் தனியாக ஆடும், அலகு தனியாக ஆடும். லட்ச ரூபாய் லென்ஸானாலும் அதைச் சரிசெய்யாது. வீட்டுக்குப் போய்க் கணினியில் தட்டினாலும் சரியாகாது. சாயங்காலம் 4.30-க்கு மேல்தான் வெளிச்சம் மறுபடி இதமாகும். 6.10 வாக்கில் சூரியன் போய்விடும். ஆக, ஒரு நாளில் உருப்படியாகப் படம் எடுக்க நான்கு மணி நேரம். மூன்று நாளுக்கு மூன்று காலை, மூன்று மாலை. அதுதான் மொத்தக் கையிருப்பு.

மேலச்செல்வனூர் கண்மாயிலிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை 100 கிலோமீட்டருக்கு மேல். காலை ஓரிடம், மாலை ஓரிடம் என்று ஓடினால் எல்லா இடத்திலும் முதல் பார்வையில் கிடைக்கிற படம் மட்டுமே கிடைக்கும். அந்தப் படத்தை உங்களுக்கு முன்னால் வந்த ஆயிரம் பேர் எடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். எனவே நிலமா, பறவையா, மனிதர்களா என்று ஒன்றை முடிவுசெய்து, கையிருப்பில் பெரும்பகுதியை அதற்கே கொடுத்துவிடுவது நல்லது. எதை எடுத்தால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று நான் பார்த்த வரையில் சொல்கிறேன்.

தனுஷ்கோடியும் பாம்பனும்

நிலக்காட்சி எடுப்பவர்களுக்குத் தனுஷ்கோடியில் இருக்கிற வசதி தமிழ்நாட்டில் வேறெங்கும் கிடையாது. ஒரே மணல்திட்டின் இரண்டு பக்கமும் இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இங்குள்ளவர்கள் ஒன்றைப் பெண்கடல் என்றும் மற்றதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று சாதுவானது, மற்றது ஆர்ப்பாட்டமானது. ஆனால் காற்று மாறினால் கதை மாறும். வடக்கிலிருந்து வாடைக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் வடக்குப் பக்கம் கொந்தளிக்கும், தெற்குப் பக்கம் அடங்கிக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கியபின் தெற்கே அலை எழும்பும், வடக்கே குளம்போல் ஆகிவிடும். ட்ரைபாட் வைத்து நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்து எடுப்பவர்கள் எந்தப் பக்கம் நிற்பது என்பதைக் காற்றைக் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று எந்த மீனவரிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

இடிபாடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் இந்த ஊர் போனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653-ஆம் எண் பயணிகள் ரயிலும் அப்படியே போனது. அதற்கு முன்பு ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்கச் சாவடி, இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் என்று பரபரப்பாக இருந்த ஊர் இது. பவளக்கல் வைத்துக் கட்டிய சர்ச்சின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபிறகு கார்கள் நேராக முனைக்கே போகின்றன. அதற்கு முன் மணலில் வேன் பிடித்துத்தான் போக முடியும்.

இந்தச் சுவர்களைப் படம் எடுத்து "பேய் நகரம்" என்று தலைப்புப் போடுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. அங்கே இன்றைக்கும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்கின்றன, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். சர்ச்சின் வாசலில் சங்கும் பாசிமணியும் விற்கிற அம்மா பிரேமுக்குள் வந்தால் ஒதுங்கச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவையும் சேர்த்து எடுத்தால்தான் அது தனுஷ்கோடி.

இந்த வழியில் இழப்பு என்னவென்றால் நேரக் கட்டுப்பாடு. விடியும் நேரத்தில்தான் சோதனைச் சாவடி திறப்பார்கள், இருட்டும் முன்னால் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பால்வீதியைப் படம் எடுக்கும் கனவோடு வருபவர்கள் அதை மறந்துவிடலாம். தை மாதம் சூரிய உதயம் கைக்கு எட்டும். சித்திரையில் 6 மணி வாக்கிலேயே சூரியன் வந்துவிடுவதால் நீங்கள் முனைக்குப் போய்ச் சேரும்போது வெளிச்சம் கடுமையாகியிருக்கும். இன்னொன்று, 8 மணிக்கு மேல் சுற்றுலா வண்டிகள் வரிசைகட்டும். ஆள் இல்லாத மணலில் காலடித் தடம் இல்லாத பிரேம் வேண்டும் என்றால் முதல் ஒரு மணி நேரம்தான்.

டிரோன் கொண்டுவரவே வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படையின் விமான தளம் இருக்கிறது, இலங்கைக் கடல் எல்லை கூப்பிடு தூரம். அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் டிரோன் போவதோடு நிற்காது.

பாம்பன் பாலம் ஒரு சாயங்காலத்துக்குத் தாங்கும். 1914 பிப்ரவரியில் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதுப் பாலத்தில் நடுவில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி அப்படியே நேராக மேலே ஏறும். கப்பலுக்காகப் பாலம் தூக்குவதைப் பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம்; அதை நம்பி ஒரு மாலையைப் பந்தயம் வைக்காதீர்கள். சாலைப் பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தி எல்லோரும் எடுக்கிற கோணத்தைவிட, கீழே இறங்கிப் பாம்பன் கரையில் வள்ளங்கள் கட்டியிருக்கும் இடத்திலிருந்து எடுத்தால் பாலத்தின் அளவு புரியும். ஆளும் படகும் பக்கத்தில் இல்லாத பாலம் எந்த ஊர்ப் பாலமாகவும் இருக்கலாம்.

மொத்தத்தில் தனுஷ்கோடிக்கு ஒரு காலை போதும் என்பது என் கணக்கு. அங்கேயே தங்கி நிலம் மட்டும் எடுக்கிறவர்களுக்கு அதற்குமேலும் பிடிக்கலாம். ஆனால் வானம் ஒத்துழைக்காவிட்டால் அந்த நிலம் மிகவும் தட்டை. மேகம் இல்லாத வெறும் நீலவானத்துக்குக் கீழே பாதிப் படம் வெள்ளை, பாதிப் படம் நீலம் என்று முடிந்துவிடும்.

கண்மாய்ப் பறவைகள்

ராமநாதபுரம் என்றாலே வறட்சி என்று பேசுகிற வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சேதி. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் 2022-லும், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் இரண்டும் 2025-லும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறின. மன்னார் வளைகுடாவும் 2022-இல் அதே பட்டியலுக்குப் போனது. ஒரே மாவட்டத்தில் இத்தனை. இது போக, 1998-இல் சரணாலயமான மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் 593 ஹெக்டேரில் விரிந்து கிடக்கிறது. மன்னார் வளைகுடா தவிர இவை எல்லாமே விவசாயத்துக்காக நம் முன்னோர் வெட்டிய கண்மாய்கள். பறவை எச்சம் கரைந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதனால் பறவைகளை யாரும் விரட்டுவதில்லை.

வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகினால், உள்ளே நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் கூடு கட்ட வருவார்கள்: மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன். தை, மாசியில் குஞ்சுகள் பெரிதாகி, தாய் தகப்பன் இரை கொண்டுவரும் போக்குவரத்து உச்சத்தில் இருக்கும். பறவைப் படத்துக்கு இதைவிட நல்ல மேடை கிடையாது. பறவைகள் ஒரே வழியில் திரும்பத் திரும்ப வந்து போகும். எங்கே இறங்கும், எந்தக் கிளையில் உட்காரும் என்று அரை மணி நேரம் கேமராவைத் தொடாமல் பார்த்துவிட்டால் அடுத்து எங்கே ஃபோகஸ் வைப்பது என்று கைக்குத் தெரிந்துவிடும். பறக்கும்போது எடுக்க ஷட்டர் வேகம் 1/1600-க்குக் குறையாமல் வையுங்கள். காலையில் கண்மாயின் கிழக்குக் கரையில், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால் கூழைக்கடாவின் தாடைப்பையில் இருக்கும் புள்ளிகூடத் தெளிவாக வரும்.

ஆனால் இந்த வழிக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. கண்மாயில் தண்ணீர் இருக்க வேண்டும். மழை பொய்த்த வருஷம் பறவைகள் வேறு ஊர் பார்த்துப் போய்விடும். நீங்கள் வந்து பார்ப்பது வெடித்த மண்ணும் சீமைக் கருவேலமும்தான். டிசம்பரிலேயே முதுகுளத்தூர், கடலாடி பக்கம் தெரிந்தவர்களிடம் "கண்மாய் பெருகிருச்சா?" என்று கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். அடுத்து லென்ஸ். 400 எம்எம்முக்குக் குறைவான எதுவும் இங்கே உங்களை ஏமாற்றும். கூடுகள் தண்ணீருக்கு நடுவில் இருக்கின்றன. வாடகைக்கு லென்ஸ் எடுத்து வருபவர்கள் ஒரு நாள் முன்பே எடுத்துப் பழகிக்கொண்டு வரலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். லென்ஸ் எட்டவில்லை என்று தண்ணீரில் இறங்கிக் கூட்டுக்குப் பக்கம் போகிறவர்கள் இருக்கிறார்கள். வெயில் ஏறியதும் தாய் நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்தபடி நிற்கும். மனிதன் நெருங்கினால் அது எழும்பிப் போய்விடும். அந்த நேரத்து வெயிலில் இறகு முளைக்காத குஞ்சு ரொம்ப நேரம் தாங்காது. முட்டையாக இருந்தால் காக்கை தயாராகக் காத்திருக்கும். ஒரு படத்துக்கு அது ஈடாகாது. சட்டப்படியும் சரணாலயத்துக்குள் படம் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். கரையில் நின்று, கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி, அல்லது காருக்குள் உட்கார்ந்தபடியே எடுங்கள். காருக்கு நாரைகள் பயப்படுவதில்லை, காரிலிருந்து இறங்கும் ஆளுக்குத்தான் பயப்படும்.

பூநாரையை இதோடு சேர்க்கலாமா என்று கேட்பார்கள். தனுஷ்கோடிப் பக்கம் கோதண்டராமர் கோயிலுக்குப் போகும் சாலையை ஒட்டிய உப்பங்கழியில் குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். 2025 ஜூன் 5 அன்று 524.7 ஹெக்டேரைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தது. கென்யாவின் நகுரு, போகோரியா ஏரிப் படங்களைப் பார்த்துவிட்டு, கரை முழுக்க ரோஜா நிறம் என்று எதிர்பார்த்து வருபவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். இங்கே கூட்டம் சிறியது, தூரத்தில் நிற்கும். அந்தத் தூரத்தையே படமாக்கத் தெரிந்தவர்களுக்கு இது அருமையான இடம். வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறமாகும் விடியலில், பிரேமின் கீழே பத்துப் பறவைகள் தலைகீழாக அலகைத் தண்ணீரில் வைத்து மேய்ந்துகொண்டிருக்கும். அவற்றைக் கை தட்டி எழுப்பிப் பறக்கும் படம் எடுப்பது பாவம். வெகுதூரம் தாண்டி வந்த பறவை சாப்பிடும் நேரத்தை அதனிடமிருந்து பிடுங்குகிறோம். தானாக எழும்பும்போது எடுத்துக்கொள்ளலாம். அப்போது தண்ணீரின்மேல் சில அடி ஓடிவிட்டுத்தான் மேலே கிளம்பும், தயாராக உங்களுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

தனுஷ்கோடிக்கு ஒரு காலை போதும் என்று சொன்னேன் அல்லவா, அந்தக் காலையை முனையில் தொடங்கி இந்த உப்பங்கழியில் முடித்துக்கொண்டால் நிலமும் பறவையும் ஒன்றாகக் கிடைக்கும்.

படகில் போகும் இடங்கள்

காரங்காட்டில் வனத்துறை நடத்தும் படகில் அலையாத்திக் காட்டுக்குள் போகலாம். ஊர்க்காரர்களே கூட வருவார்கள். குழந்தைகளோடு வந்தால் அவசியம் போங்கள், நல்ல அனுபவம். படத்துக்கு என்று பார்த்தால், ஆடும் படகு, மேலே கவிந்த இலை, குறைந்த வெளிச்சம். கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை ஏற்றினால்தான் வேலை ஆகும். குருசடைத் தீவுக்கும் வனத்துறைப் படகு உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா என்பதால் மற்ற தீவுகளில் நாமாகக் கால் வைக்க முடியாது. யாராவது ரகசியமாகக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னால் போகாதீர்கள், மாட்டிக்கொள்வது படகுக்காரர்தான். பவளப்பாறை எடுக்க நீருக்கடியில் போகும் உறையும் பயிற்சியும் வேண்டும், அது தனி உலகம்.

ராமேஸ்வரம் கோயிலின் நீண்ட பிரகாரத்தைப் படம் எடுக்கலாம் என்று வருபவர்களுக்கு ஒரு வரி: உள்ளே கேமராவும் செல்போனும் கொண்டுபோக விடமாட்டார்கள். வெளியே அக்னி தீர்த்தக் கரையில் ஆடி, தை அமாவாசைகளில் லட்சக்கணக்கில் கூடுவார்கள். ஒருவர் அப்பாவுக்குப் பிண்டம் வைத்துக்கொண்டிருக்கும்போது முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நான் எடுப்பதில்லை.

கரையில் வேலை செய்பவர்கள்

என்னைக் கேட்டால், முதல் தடவை வருகிறவர்கள் இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்குப் பெரிய லென்ஸ் வேண்டாம். 35 எம்எம் அல்லது 50 எம்எம் போதும், நல்ல செல்போன்கூடப் போதும். மழை பெய்ததா, மேகம் வந்ததா என்ற கவலையும் குறைவு. வேண்டியது ஒன்றுதான்: ஒரே கரைக்கு மூன்று காலையும் போவது.

உலகம் முழுக்கப் பயணப் படம் எடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பக்கத்தில் இலங்கையின் தென்கரையில், கொக்கல, வெலிகம பகுதிகளில் கடலுக்குள் நட்ட கம்பத்தில் உட்கார்ந்து மீன் பிடிப்பவர்களின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இன்று அங்கே கம்பத்தில் ஏறுபவர்களில் பெரும்பாலானோர் படம் எடுக்க வருபவர்கள் தரும் காசுக்காகவே ஏறுகிறார்கள். மியான்மரின் இன்லே ஏரியில் ஒற்றைக் காலால் துடுப்புப் போட்டுக்கொண்டு கூடையைத் தூக்கிக் காட்டும் மீனவர், சீனாவின் லீ ஆற்றில் நீர்க்காகத்தோடு விளக்கேற்றி நிற்கும் முதியவர், இவர்கள் கதையும் ஏறக்குறைய இதேதான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மீனில் வராத காசு படத்தில் வருகிறது. ஆனால் தொழில் போய் அதன் படம் மட்டும் மிஞ்சிவிட்டது. நம் கரையில் அந்த நிலை வரவில்லை. இங்கே வலை இழுப்பவர் மீனுக்காகத்தான் இழுக்கிறார். அதைக் கெடுக்காமல் இருப்பது படம் எடுக்க வருகிறவர்கள் கையில் இருக்கிறது. காசு கொடுத்து "இன்னொரு தடவை வலையை வீசுங்க" என்று கேட்காதீர்கள்.

எந்தக் கரை என்பதற்கு வருவோம். ராமேஸ்வரம் துறைமுகத்தில் விசைப்படகுகள் வாரம் முழுக்கப் போவதில்லை. விசைப்படகுக்குச் சில நாள், நாட்டுப்படகுக்குச் சில நாள் என்று பிரித்திருக்கிறார்கள். இரவு முழுக்கக் கடலில் கிடந்து மறுநாள் காலை திரும்புவார்கள். காற்று எச்சரிக்கை வந்தால் அதுவும் நின்றுவிடும். அதனால் முதல் நாள் சாயங்காலமே டீக்கடையில் "நாளைக்குப் படகு வருதாண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். படகு அணையும் காலையில் இறால் தரம் பிரிப்பதும், ஐஸ் உடைப்பதும், ஏலச் சத்தமும் என்று ஒரு மணி நேரத்தில் எல்லாம் நடந்து முடியும். ஓட்டமும் நெரிசலும் பிடிக்கிறவர்களுக்கு இது சரி.

நிதானமாக எடுக்க வேண்டுமென்றால் கரைவலை. தனுஷ்கோடிப் பக்கம் இன்னமும் இழுக்கிறார்கள். வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய் அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டு, இரண்டு கயிற்று முனையையும் கரையிலிருந்து இரண்டு வரிசை ஆட்கள் இழுப்பார்கள். மீன் சேரும் பை போன்ற மடி கரைக்கு வர மணிக்கணக்காகும். முதுகு வளைவது, குதிகால் மணலில் புதைவது, கயிற்றைச் சுருட்டுவது என ஒரே வேலை திரும்பத் திரும்ப நடப்பதால் நீங்கள் தப்பவிட்டது ஐந்து நிமிடத்தில் மறுபடி வரும். கூடவே நின்று கொஞ்சம் கயிறு பிடித்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். மடி கரையேறும்போது எல்லோரும் மீனைத்தான் எடுப்பார்கள். அந்த நேரம் சுற்றி நிற்பவர்களின் முகத்தை எடுங்கள். எவ்வளவு கிடைத்தது என்பது அங்கே எழுதியிருக்கும்.

கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாம்பன் சின்னப்பாலம் முதல் தெற்கே பல ஊர்களில் பெண்கள் கடலுக்குள் முங்கிப் பாறையிலிருந்து பாசி பறிக்கிறார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கி முங்குகிற வேலை. சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கான சீகாலஜி விருது கிடைத்தபோதுதான் வெளியுலகம் இவர்களைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தது. அதற்கு அப்புறம் கேமராக்கள் நிறைய வந்தன. நனைந்த சேலையோடு கரையேறும் பெண்ணை அந்த நிமிடத்தில் படம் எடுப்பது மரியாதை இல்லை. அவர்கள் உடை மாற்றி, பாசியைக் காயப்போட்டு, டீ குடிக்க உட்காரும் வரை கேமராவைப் பைக்குள் வையுங்கள். "அக்கா, கையை மட்டும் ஒரு படம் எடுத்துக்கிறவா?" என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நீட்டுவார்கள். பாறையிலும் சிப்பியிலும் வருஷக்கணக்கில் அறுபட்ட அந்தக் கைகள் ஒன்றே போதும்.

இன்னொரு விஷயம், வெளியூரிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் யோசிக்காதது. தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா எல்லை இருப்பதால் பாசி எடுக்கும் இடம் எது என்பதே அவர்களுக்குப் பிரச்சினைக்குரிய கேள்வி. அதுபோலவே, எல்லை தாண்டியதாகச் சொல்லிப் படகு பிடிபடுவது இந்தக் கரையின் அன்றாடப் பயம். படகின் எண் பளிச்சென்று தெரிகிற படத்தையோ, தீவு பின்னால் தெரிய ஒரு பெண்ணின் முகம் தெரிகிற படத்தையோ இணையத்தில் போடும்முன் அவர்களிடம் கேளுங்கள். உங்களுக்கு நூறு விருப்பக்குறி, அவர்களுக்கு ஒரு வழக்கு என்று ஆகிவிடக் கூடாது. கேமராவைப் பார்த்ததும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வது கோபத்தால் இல்லை என்பது இதைத் தெரிந்துகொண்டால் புரியும்.

முதல் காலை யாரும் உங்களோடு பேசமாட்டார்கள். "பேப்பர்காரங்களா, ஆபீஸ்லேர்ந்து வர்றீங்களா?" என்று கேட்பார்கள். இரண்டாவது காலை அதே இடத்தில் நின்றால் "நேத்து வந்த தம்பிதானே" என்று டீ வரும். முதல் நாள் எடுத்ததில் நான்கைந்தை ராமநாதபுரத்தில் ஏதாவது ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். காசு கொடுப்பதைவிட இது நல்லது, வாங்குகிறவருக்கும் கௌரவம். மூன்றாவது காலை அவர்களே கூப்பிட்டு எங்கள் வீட்டு ஆத்தாவை ஒரு படம் எடுங்கள் என்பார்கள். பூநாரையும் மணலும் இப்படி நெருங்கிவராது. மூன்று நாளில் வேறு எந்த வழியும் முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் இத்தனை வித்தியாசம் காட்டாது என்பதால்தான் என் ஓட்டு இதற்கு.

ஆக, பெரிய டெலி லென்ஸ் கையில் இருந்து, கண்மாய் பெருகிய வருஷமாகவும் இருந்தால், தை, மாசியில் ராமநாதபுரம் ஊரில் தங்கி இரண்டு காலை கண்மாய்க்கும் ஒரு காலை பூநாரைக்கும் கொடுங்கள். ஊரை ஒட்டியே சக்கரக்கோட்டை இருப்பதால் மாலைக்கு அலைய வேண்டியதில்லை. மற்ற எல்லோரும் பாம்பனிலோ ராமேஸ்வரத்திலோ தங்கிக் காலையெல்லாம் ஒரே கரையில் நில்லுங்கள். மாலைகளில் ஒன்றைப் பாலத்துக்கும் ஒன்றைத் தனுஷ்கோடிக்கும் வைத்துக்கொள்ளலாம். வெறும் நிலக்காட்சிக்காக மட்டும் வருபவர்கள் மழை முடிந்து மேகம் மிச்சமிருக்கும் மார்கழியில் வருவது உத்தமம்.

கோடை விடுமுறையில்தான் வர முடியும் என்பவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பறவைகள் போயிருக்கும், கண்மாய் வற்றியிருக்கும், வெயில் 8 மணிக்கே சுடும். ஆனால் விசைப்படகுகள் அத்தனையும் கரையில் இருக்கும். பழைய பலகையைப் பெயர்ப்பது, இடுக்கில் பஞ்சு திணித்து அடிப்பது, பச்சையும் நீலமுமாகப் பெயின்ட் அடிப்பது, நிழலில் உட்கார்ந்து வலை பொத்துவது என்று வேறொரு தொழில் நடக்கும். கடலுக்குப் போகாத நாள் என்பதால் பேசுவதற்கும் ஆட்களுக்கு நேரம் இருக்கும். படகின் நிழலே வெயிலுக்குக் குடை ஆவதால் 10 மணி வரைகூட எடுக்கலாம். மரத்தூளும் உப்புக்காற்றும் சேர்ந்த இடம் அது. லென்ஸை அங்கே கழற்றி மாட்டாமல், எது வேண்டுமோ அதை அறையிலேயே மாட்டிக்கொண்டு வாருங்கள்.